பாயில் விழுந்த பாட்டாளிக்குப் பக்கத்தில் யார்?

கை ஓயும் வரை தொழிலாளியின் உடம்பு முதலாளிக்குச் சொந்தம். கை ஓய்ந்தபின் அது வீட்டுப் பெண்களின் பாரம். முதுமைக்கென்று நம் நாட்டில் செய்யப்பட்டிருக்கும் ஏற்பாடு இவ்வளவுதான். ஸ்பின்னிங்கில் முப்பது வருஷம் நின்ற கால்கள் ஒருநாள் பக்கவாதத்தில் மடங்கி விடுகின்றன. நாற்றங்காலிலும் நடவிலும் வளைந்த முதுகு ஒருநாள் நிமிராமலே பாயில் விழுந்து விடுகிறது. அதன்பின் அந்த மனிதரைக் குளிப்பாட்டுவது யார், புரட்டிப் படுக்க வைப்பது யார், மலஜலம் எடுப்பது யார், மாத்திரையை நேரத்துக்குக் கொடுப்பது யார்? ஆலை நிர்வாகம் இதைக் கேட்பதில்லை. மிராசுதாரர் கேட்பதில்லை. சர்க்காரும் கேட்பதில்லை. "பிள்ளைகள் இருக்கிறார்களே" என்ற ஒரே பதிலில் எல்லோரும் கைகழுவி விடுகிறார்கள்.

கேள்வி சிறியதல்ல. 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2021-ல் இது நூற்றுக்குப் பதின்மூன்றைத் தாண்டியிருக்கும் என்று மத்திய சர்க்காரின் மதிப்பீடே கூறுகிறது. கேரளத்துக்கு அடுத்தபடி முதியோர் விகிதம் அதிகமுள்ள ராஜ்யம் நம்முடையதுதான். ஆயுள் நீண்டது நல்ல காரியம். தடுப்பூசியும் ரேஷன் அரிசியும் ஆரம்ப சுகாதார நிலையமும் மக்கள் கேட்டுப் பெற்றவை. அவற்றின் பலன் இது. ஆனால் நீண்ட ஆயுளின் கடைசி வருஷங்களைக் கழிக்க ஏழைக்கு ஒரு கயிற்றுக் கட்டிலும் ஒரு கிழிந்த போர்வையும்தான் மிச்சம் என்றால், அந்த ஆயுளை நீட்டித் தந்ததாகப் பெருமை பேச ஆள்வோருக்கு என்ன யோக்கியதை?

படுக்கையில் விழுந்த ஒருவரைப் பார்த்துக்கொள்வது "பக்கத்தில் இருப்பது" அல்ல. அது வேலை. கடினமான வேலை, பழகிச் செய்ய வேண்டிய வேலை. அந்த வேலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரியும் சேர்த்து நாளைக்குப் பன்னிரண்டு முறை. தவறினால் இடுப்பின் பின்பக்கம், குதிகால், இடுப்பு எலும்பின் ஓரம் ஆகிய இடங்களில் ரத்தம் ஓடாமல் தோல் செத்துப் புண்ணாகிறது. முதலில் ஒரு சிவப்புத் தழும்பு தோன்றும். விரலால் அழுத்தினால் அது மறையாது. வெயிலில் கறுத்த நம் உடம்பில் சிவப்பு தெரிவதும் கஷ்டம். அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். அங்கே எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது கெடுதல், உள்ளே நொந்திருக்கும் சதை இன்னும் நொறுங்கும். அந்த இடத்தின் மேல் பாரம் விழாமல் படுக்க வைப்பதும், துணியை ஈரமில்லாமல் வைப்பதுமே வழி. கவனிக்காவிட்டால் சில நாட்களில் புண் எலும்பு வரை போகும். அப்புறம் ஆஸ்பத்திரி, அப்புறம் கடன்.

பக்கவாதம் வந்தவருக்குத் தொண்டையும் சரியாக வேலை செய்யாது. படுத்த வாக்கில் கஞ்சி ஊட்டினால் அது நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சல் வரும். உட்கார வைத்து, சிறுகச் சிறுக ஊட்டி, ஊட்டி முடித்த பிறகும் அரை மணி நேரம் உட்கார்ந்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். வாயை, பல்லை, ஈறைத் தினம் துடைக்க வேண்டும். மூத்திரக் குழாய் போட்டிருந்தால் பையை எப்போதும் வயிற்றுக்குக் கீழே தொங்கவிட வேண்டும். கட்டிலின் மேல் தூக்கி வைத்தால் மூத்திரம் திரும்பி ஏறி விஷமாகும். சர்க்கரை வியாதிக்காரரின் பாதத்தைத் தினம் பார்க்க வேண்டும். முள் குத்தியது அவருக்கே தெரியாது. நேற்று வரை தெளிவாகப் பேசிய கிழவி இன்று சம்பந்தமில்லாமல் உளறினால், "வயசாச்சு, புத்தி தடுமாறுது" என்று விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் அது உடம்பில் நீர் வற்றியதாலோ, மூத்திரத்தில் கிருமி சேர்ந்ததாலோ, ஏதாவது ஒரு மாத்திரையின் கோளாறாலோ வருவது. உடனே வைத்தியம் செய்தால் தெளிந்து விடும்.

இவ்வளவையும் யாரிடம் விட்டிருக்கிறோம்? ஒருநாள் பயிற்சிகூட இல்லாத மருமகளிடம், மகளிடம், தாமே மூட்டுவலியில் நொண்டும் மனைவியிடம். விடிகாலையில் கிழவரைச் சுத்தம் செய்து, கஞ்சி ஊட்டி, மகனைப் பள்ளிக்கு அனுப்பி, நடவுக்குப் போகிறாள் ஒருத்தி. மத்தியானம் ஓடிவந்து புரட்டிப் போட்டுவிட்டு மீண்டும் வயலுக்கு. முடியாதபோது வேலைக்கே போவதில்லை, கூலி போகிறது. பஞ்சாலையில் நைட் ஷிப்ட் பார்க்கும் மகன் பகலில் தூங்காமல் தகப்பனுக்குக் காவல் இருக்கிறான். தூக்கக் கலக்கத்தோடு அன்று ராத்திரி எந்திரத்தின் முன் நிற்கிறான். இந்தக் கணக்கு எந்த ஐந்தாண்டுத் திட்டத்திலும் ஏறவில்லை, எந்தப் பட்ஜெட்டிலும் வரவில்லை. அடுப்படியிலும் படுக்கையடியிலும் பெண்கள் கொட்டும் உழைப்புக்குப் பாசம் என்று பெயர் வைத்துவிட்டால் கூலி கொடுக்க வேண்டியதில்லையல்லவா!

வறுமை இந்தப் பாசத்தையும் தின்றுவிடும். விருதுநகர், மதுரை வட்டாரங்களில் "தலைக்கூத்தல்" என்ற வழக்கம் இருப்பதை 2010-ல் பத்திரிகைகள் வெளிக்கொண்டு வந்தன. படுத்த படுக்கையான முதியவரை விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிரக் குளிரக் குளிப்பாட்டி, இளநீரை வயிறு முட்டக் கொடுத்துச் சாக விடுவது. கொலைதான் அது, வேறு பெயரில்லை. அதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் குடிசைகளுக்குச் சென்று "ஈவு இரக்கமற்ற ஜனங்கள்" என்று பட்டணத்துப் பெரியமனிதர்கள் எழுதியபோது நமக்குக் கோபம் வந்தது. ஒரு நர்ஸ் வாரம் ஒருமுறை அந்த வாசலை மிதித்திருந்தால், ஒரு நாள் கூலியை இழக்காமல் அந்தக் கிழவரைப் பார்த்துக்கொள்ள வழி இருந்திருந்தால், எத்தனை வீடுகளில் அந்த எண்ணெய்க் கிண்ணம் எடுக்கப்பட்டிருக்கும்? இதை எழுதியவர் எத்தனை பேர்?

சட்டம் என்ன சொல்கிறது? பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. பிள்ளைகள் பராமரிக்க வேண்டும், தவறினால் மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கும்படி உத்தரவிடலாம், நிராதரவாக விட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறை என்று அதில் கண்டிப்பாக எழுதியிருக்கிறது. நல்லது. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு தாயைத் தெருவில் விடும் கனவான்களுக்கு அந்தக் கண்டிப்பு வேண்டியதே. ஆனால் அதே சட்டத்தில் சர்க்காரின் கடமை வரும் இடத்தைப் பாருங்கள். ஜில்லாவுக்கு ஒன்றாவது, 150 ஏழை முதியோர் தங்கும்படி முதியோர் இல்லம் சர்க்கார் "அமைக்கலாம்" என்கிறது. அமைக்க வேண்டும் என்றல்ல! சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் முதியோருக்குப் படுக்கை, "இயன்றவரை". கூலிக்காரனின் மகனுக்கு மட்டும் "வேண்டும்". கஜானாவைக் கையில் வைத்திருப்பவனுக்கு "லாம்", "இயன்றவரை". மகனிடம் இல்லாத பணத்தைக் கொடுக்கச் சொல்லி எந்தக் கோர்ட்டு உத்தரவிட்டு என்ன பயன்?

பணத்தின் கதையைச் சொன்னால் வெட்கக்கேடு. இந்த ராஜ்யத்தில் 1962-ல் மாதம் 20 ரூபாயில் முதியோர் பென்ஷன் ஆரம்பித்தது. 2011-ல் அது 1,000 ரூபாயாயிற்று. 2023-ல் 1,200 ஆயிற்று. நாளைக்கு 40 ரூபாய். படுக்கையில் கிடப்பவருக்கு வேண்டிய டயப்பர் துணிக்கே இது போதாது. மத்திய சர்க்காரோ 1995-ல் 75 ரூபாயில் தொடங்கி, 2006-ல் தன் பங்கை 200 ஆக்கியது. எண்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அந்தப் பங்கு அதற்குமேல் ஏறவில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் ஏறியது டில்லிக்குத் தெரியாது போலும். ஆலையில் சம்பளத்தில் பிடித்துக் கட்டிய பென்ஷனிலும் 2014 செப்டம்பரில்தான் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள். வாழ்நாள் முழுதும் நூல் நூற்றவனுக்கு மாதம் ஆயிரம்!

ஆலைத் தொழிலாளரின் விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பஞ்சுத் தூசி நுரையீரலை அரிக்கிறது. வார விடுமுறை கழிந்து திங்கட்கிழமை ஆலைக்குள் போனதும் நெஞ்சு இறுகும் அந்த வியாதியை நம் தோழர்கள் நன்றாக அறிவார்கள். பிஸினோஸிஸ் என்று வைத்தியர்கள் கூறும் இதைத் தொழில்சார் நோயென்று இ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணையே ஒப்புக்கொண்டது. ஆனால் மூச்சு முழுதாக அடைபட்டு மனிதர் பாயில் விழுவது பெரும்பாலும் வேலையை விட்ட பிறகே. அப்போது அவர் பெயர் மஸ்டர் ரோலில் இல்லை. "பீடி குடித்திருப்பாய்" என்று சொல்லி அனுப்பி விடுகிறார்கள். தூசியின் லாபம் ஆலைக்கு, இருமல் வீட்டுக்கு.

1955-ல் கோவையில் இ.எஸ்.ஐ. திட்டம் வந்தபோது அது தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்ற வெற்றி. ஓய்வு பெற்றவருக்கும் அதில் ஒரு சலுகை நெடுங்காலமாக உண்டு. ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் இன்ஷூர் ஆகியிருந்து வயது முடிந்து ஓய்வு பெற்றவர், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் மனைவி அல்லது கணவருக்கும் வைத்திய உதவி. இதை அறியாத தொழிலாளர் எவ்வளவு பேர்! ஆலை இதைச் சொல்லி அனுப்புவதில்லை. 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி அமுலுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். அந்தச் சந்தடியில் இச்சலுகை நசுங்கிவிடாமல் சங்கங்கள் விழிப்பாக இருந்து, ஓய்வு பெறுவோர் ஒவ்வொருவரையும் இ.எஸ்.ஐ. கிளை ஆபீசுக்கு அழைத்துச் சென்று பதிய வைக்க வேண்டும். ஆனால் விவசாயக் கூலிக்கு இந்த 120 ரூபாய் வாசலும் கிடையாது. பண்ணையாள் பாதுகாப்புக்காகத் தஞ்சையில் 1952-ல் சட்டம் வாங்கிய காலத்தில் குழந்தைகளாக இருந்தவர்கள் இன்று எழுபதும் எண்பதும் தாண்டியவர்கள். சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிந்ததைக் கண்ணால் பார்த்த தலைமுறை அது. அவர்களுக்கு ஓய்வு என்ற சொல்லே பழக்கமில்லை. கீழே விழும் வரை வேலை, விழுந்தபின் பாய்.

தமிழ்நாட்டு சர்க்கார் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தொடங்கியது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஒன்றியத்துக்கு ஒரு நோய் தணிப்பு நர்சும் ஒரு உடற்பயிற்சி வைத்தியரும் படுக்கையாளர் வீடுகளுக்குப் போக ஏற்பாடு செய்தார்கள். இதை நாம் வரவேற்கிறோம். பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்று ஒருநாள் கூலியை விட்டு மாத்திரை வாங்கிய ஜனங்களுக்கு இதன் அருமை தெரியும். குறை என்னவென்றால், ராஜ்யத்தில் ஒன்றியங்கள் 388. ஊராட்சிகளோ சுமார் 12,500. ஒரு நர்சுக்குச் சராசரி முப்பத்திரண்டு ஊராட்சி. அந்த அம்மாள் எப்போது வந்து எந்தப் புண்ணைக் கழுவுவார்? வீடு வீடாக மாத்திரை சுமந்து ரத்தக் கொதிப்பு பார்க்கும் பெண்களுக்கு "தன்னார்வலர்" என்று பட்டம் சூட்டி, தொடக்கத்தில் கொடுத்தது மாதம் 4,500 ரூபாய். நாளைக்கு 150. இது சம்பளமில்லையாம், ஊக்கத்தொகையாம்! சேவை என்ற பெயரில் கூலியைத் திருடும் இந்த வித்தையை ஆஷா, அங்கன்வாடிப் பெண்கள் விஷயத்திலும் பார்த்தோம். 2013-ல் கூடிய 45-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர் என்றே ஏற்றுக் குறைந்தபட்சக் கூலி கொடுக்கச் சொன்னது. அங்கன்வாடி ஊழியர்களுக்குக் கிராஜுவிட்டி உண்டென்று 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. படுக்கையாளர் வீட்டு வாசலை மிதிக்கும் பெண்ணுக்கும் அதே நியாயம் பொருந்தும்.

பக்கத்து ராஜ்யத்தைப் பார்ப்போம். கோழிக்கோட்டில் 1993-ல் சில வைத்தியர்களும் ஊர் மக்களும் சேர்ந்து ஆரம்பித்த வலி தணிப்புச் சங்கம் வளர்ந்து பரவியது. ஊரார் சேர்த்த சில்லறையும் ஊர்ப் பையன்களின் உழைப்பும் அதற்கு முதல். 2008-ல் இடது ஜனநாயக முன்னணி சர்க்கார் இதைக் கொள்கையாக அறிவித்தது. ஊராட்சிதோறும் பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் வீடு வீடாகச் சென்று படுக்கையாளர்களைப் பார்க்கிறார். செலவு ஊராட்சி நிதியிலிருந்து. அங்குள்ள ஊராட்சி நம்முடையதைவிடப் பெரியது, ஜனத்தொகை அதிகம் என்பது உண்மையே. அப்படியும் அந்த நர்ஸ் தன் ஊரின் படுக்கையாளரைப் பெயர் சொல்லி அறிவார். படுக்கையாளரைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு கிடப்பவருக்கு "ஆஸ்வாசகிரணம்" என்ற பெயரில் மாதம் 600 ரூபாயும் ஏற்பாடு செய்தார்கள். தொகை சொற்பம், பல சமயம் பாக்கி விழுந்ததென்ற குறையும் உண்டு. ஆனால் பார்த்துக்கொள்வது வேலை என்று ஒரு சர்க்கார் ஒப்புக்கொண்டதே, அது பெரிய விஷயம். 1980-ல் விவசாயத் தொழிலாளருக்குப் பென்ஷன் கொடுத்ததும் அதே கேரளம்தான்.

பட்டணங்களில் காசுள்ளவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. "ஹோம் நர்ஸ்" ஏஜென்சிக்குப் போன் செய்தால் ஆள் வரும். வருகிறவள் யார்? நம் கிராமத்துக் கூலி வீட்டுப் பெண்தான். பன்னிரண்டு மணி நேரம், சில இடத்தில் இருபத்துநான்கு மணி நேரமும் அந்த வீட்டிலேயே. கமிஷன் ஏஜென்சிக்கு, வாரவிடுமுறை இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, தூக்கி எறிந்தால் கேட்க நாதியில்லை. வீட்டு வேலை செய்வோருக்கான சர்வதேச உடன்படிக்கை 2011-ல் ஜெனிவாவில் நிறைவேறியது; இந்திய சர்க்கார் அதில் சேரவில்லை. முதலாளியின் தகப்பனைப் புரட்டிப் போடுகிற அவள், ஊரில் பாயில் கிடக்கும் தன் தாயைப் பார்க்க முடியாமல் தவிக்கிறாள். முதலாளித்துவத்தில் பராமரிப்பும் ஒரு சரக்கு. வாங்க முடிந்தவனுக்கு மட்டும் கிடைக்கும்.

"இதற்கெல்லாம் பணம் எங்கே?" என்பார்கள். எழுபது வயது கடந்த எல்லோருக்கும் ஐந்து லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிக் காப்பு என்று 2024 அக்டோபரில் டில்லி சர்க்கார் அறிவித்தது. ஆஸ்பத்திரியில் படுத்தால் பணம் உண்டு. அதில் பெரும்பங்கு தனியார் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். புண் வந்து அழுகி அறுவைக்கு வந்தால் பணம் தருவார்களாம். புண் வராமல் வீட்டில் புரட்டிப் போடும் கைக்குக் காசில்லையாம். இது பணமில்லாத குறையல்ல, யாருக்குப் பணம் என்ற கேள்வி. முதுமையிலும் நோயிலும் பொது உதவி பெறும் உரிமையை அரசியல் சட்டத்தின் 41-வது பிரிவு கூறுகிறது. "பொருளாதார சக்திக்கு உட்பட்டு" என்ற வார்த்தையும் கூடவே இருக்கிறது. கம்பெனிகளின் வரியைக் குறைக்கும்போது மட்டும் அந்த சக்தி எங்கிருந்து வருகிறது?

ஆகவே நமது கோரிக்கை தெளிவானது. ஊராட்சிதோறும், நகரத்தில் வார்டுதோறும், நோய் தணிப்பில் பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவரும், குளிப்பாட்டவும் புரட்டவும் ஊட்டவும் பழகிய பராமரிப்பு ஊழியர்களும் வேண்டும். அவர்கள் தொழிலாளர்களாக, முழுச் சம்பளத்தில், இ.எஸ்.ஐ.யோடும் பி.எஃப்.போடும் நியமிக்கப்பட வேண்டும். படுக்கையாளரைப் பார்த்துக்கொண்டு கூலி இழக்கும் குடும்பத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். பென்ஷன் விலைவாசியோடு ஏற வேண்டும், மத்திய சர்க்காரின் பங்கும் சேர்த்து. இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை: பராமரிப்பு பெண்ணின் தர்மம் என்று சங்கத்துக்குள்ளேயே பேசும் ஆண்கள் சிலர் உண்டு. தகப்பனைக் கழுவிவிட மகனுக்கும் இரண்டு கை இருக்கிறது.

சர்க்கார் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். இம்மாதமே ஒவ்வொரு ஆலைக் கமிட்டியும், ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையும் தன் வட்டாரத்தில் பாயில் கிடப்போரின் பட்டியலை எடுக்கட்டும்: பெயர், வயது, என்ன நோய், யார் பார்த்துக்கொள்கிறார், பென்ஷன் வருகிறதா, நர்ஸ் கடைசியாக எப்போது வந்தார். சங்க ஆபீசில் ஒரு காற்றுப் படுக்கையும் ஒரு சக்கர நாற்காலியும் வாங்கி வைத்து, தேவைப்பட்ட வீட்டுக்கு இரவல் கொடுத்து, முடிந்ததும் திரும்பப் பெற்று அடுத்த வீட்டுக்கு அனுப்பலாம். ஆரம்ப சுகாதார நிலைய நர்சைக் கிளைக் கூட்டத்துக்கு அழைத்து, எப்படிப் புரட்டுவது, எப்படி ஊட்டுவது என்று ஆண்களும் பெண்களும் ஒரு மாலை உட்கார்ந்து பழகலாம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அந்தப் பட்டியலைப் படித்து, ஊராட்சித் தீர்மானமாக்கி, ஒரு நகலைக் கலெக்டருக்கும் ஒரு நகலை நமது ஆபீசுக்கும் அனுப்புங்கள். வந்து சேரும் பட்டியல்களின் எண்ணிக்கையை, நோயாளிகளின் பெயரை வெளியிடாமல், ஜில்லாவாரியாக இப்பத்திரிகையில் வெளியிடுவோம்.